பிள்ளைக்குத் தலை வலிக்கிறதா? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குழந்தைகள் புறநோயாளிகள் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். சீட்டு வாங்கிக்கொண்டு பெஞ்சில் காத்திருக்கும் நேரத்தில், மருத்துவரிடம் கேட்கத் தயங்குவதை அம்மாக்களும் பாட்டிகளும் என்னிடம் கேட்பார்கள். தலைவலி பற்றிய கேள்விகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதே இல்லை. அவற்றை அவர்கள் கேட்டபடியே எழுதி, எங்கள் மருத்துவர்களிடம் கற்றதையும் படித்துத் தெரிந்துகொண்டதையும் வைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன். பிள்ளைக்கு இப்போது வலி கடுமையாக இருக்கிறது, பயமாக இருக்கிறது என்பவர்கள் நேராக 6-ஆம் கேள்விக்குப் போய்விடுங்கள்.

1. சிஸ்டர், இவனுக்கு ஆறு வயதுதான் ஆகிறது. இந்த வயதில் தலைவலியெல்லாம் வருமா?

வரும். 'குழந்தைக்கு என்ன கவலை, அதற்கு ஏன் தலை வலிக்க வேண்டும்' என்று நினைத்தே பலர் மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். பள்ளிப் பருவம் முடிவதற்குள் பெரும்பாலான பிள்ளைகள் ஒரு முறையாவது தலைவலியை அனுபவித்துவிடுகிறார்கள். காய்ச்சல், சளி, பசி, வெயில், தூக்கக் குறைவு ஆகியவற்றால் வந்து போவதுதான் அதிகம்.

திரும்பத் திரும்ப வரும் வலி என்றால், பெரும்பாலும் அது ஒற்றைத் தலைவலி எனப்படும் மைக்ரேன், அல்லது இறுக்கத் தலைவலி. சிறு வயதில் மைக்ரேன் ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் வருகிறது. பருவமெய்திய பிறகுதான் பெண்களிடம் கூடுகிறது.

2. பள்ளிக்கூடம் போகிற நாளில் மட்டும் தலை வலிக்கிறது என்கிறான். நடிக்கிறானோ?

இந்தக் கேள்விக்கு மட்டும் என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். என் மூத்தவன் நான்காம் வகுப்பில் இதையேதான் சொன்னான். 'வீட்டுப்பாடம் முடிக்கவில்லை, அதனால்தானே?' என்று திட்டி அனுப்பினேன். ஒரு நாள் வகுப்பிலேயே வாந்தி எடுத்துவிட்டு, மேசை மேல் தலை கவிழ்ந்து கிடந்தான் என்று சொல்லி அனுப்பினார்கள். அவனுக்கு இருந்தது மைக்ரேன். நாள் முழுவதும் மற்றவர் பிள்ளைகளின் வலியைக் கேட்டுக் குறித்துக்கொண்ட நான், என் பிள்ளை சொன்னதைக் கேட்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

பள்ளி நாளில் மட்டும் வலிப்பதற்கு உண்மையான காரணங்கள் நிறைய உண்டு. விடியற்காலையில் எழுப்புகிறோம், பாதித் தூக்கம் போய்விடுகிறது. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு ஓடுகிறான். வேன் நெரிசல், காலைக் கூட்டத்தில் வெயில், மதியம் வரை தண்ணீர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இவை எதுவும் இல்லை, வலியும் இல்லை.

அடிக்கும் ஆசிரியர், கேலி செய்யும் பையன்கள், புரியாத கணக்கு என்று மனதை அழுத்தும் காரணம் இருந்தாலும் வலி பொய்யாகிவிடாது. மன அழுத்தத்தால் வரும் தலைவலி நிஜமாகவே வலிக்கும். 'நடிக்காதே' என்று ஒரு முறை சொல்லிவிட்டால், அடுத்த முறை உண்மையான ஆபத்து வரும்போது அவன் நம்மிடம் சொல்ல மாட்டான். 'பள்ளியில் எது உனக்குப் பிடிக்கவில்லை?' என்று நிதானமாகக் கேளுங்கள். யாராவது துன்புறுத்துகிறார்கள் என்று தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது.

3. மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாதே, நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?

முகத்தைப் பாருங்கள். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று சோர்ந்து, முகம் வெளுத்து, மடியில் வந்து படுத்துக்கொள்ளும். தலையைக் கையால் பிடிக்கும், முடியை இழுக்கும், சுவரிலோ தலையணையிலோ முட்டும். வெளிச்சம் பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், டி.வி. சத்தத்துக்கு அழும். சாப்பாடு வேண்டாம் என்று தள்ளும். இவ்வளவு சிறிய பிள்ளைக்குத் தலைவலி என்று சந்தேகம் வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம். ஐந்து வயதுக்குக் கீழே அடிக்கடி வரும் தலைவலியை மருத்துவர் ஒரு முறை பார்த்தே ஆக வேண்டும்.

4. டாக்டர் ஒற்றைத் தலைவலி என்கிறார். ஆனால் இவளுக்கு நெற்றி முழுவதும் வலிக்கிறது. ஒற்றை என்றால் ஒரு பக்கம்தானே?

தமிழில் அமைந்துவிட்ட இந்தப் பெயரால் வரும் குழப்பம் இது. பெரியவர்களுக்கு மைக்ரேன் பெரும்பாலும் ஒரு பக்கமாக வரும். பிள்ளைகளுக்கோ நெற்றி முழுவதும், அல்லது இரண்டு பொட்டுகளிலும் வலிப்பதே வழக்கம். வளர வளரத்தான் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. பெயரை நம்பி 'இது அது இல்லை' என்று மருந்தை நிறுத்திவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைகளின் மைக்ரேனுக்கு வேறு அடையாளங்கள் உண்டு. விண் விண் என்று தெறிக்கும். ஓடினால், படியேறினால் கூடும். அதனால் பிள்ளை விளையாட்டை விட்டுவிட்டுப் படுத்துவிடும். குமட்டல் அல்லது வாந்தி இருக்கும். வெளிச்சமும் சத்தமும் பிடிக்காது. பெரியவர்களுக்கு நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் நீடிக்கும் வலி, பிள்ளைகளுக்கு இரண்டு மணி நேரத்திலேயே அடங்கிவிடலாம். ஒரு தூக்கம் தூங்கி எழுந்தால் எதுவும் நடக்காதது போல் விளையாடப் போய்விடும். சில பிள்ளைகளுக்கு வலிக்கு முன் கண்ணெதிரே வளைந்து நெளியும் ஒளிக்கோடுகள் தெரியும், ஒரு மணி நேரத்துக்குள் மறைந்துவிடும். முதல் முறை அப்படி வந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

குடும்பத்தில் யாருக்கு இருக்கிறது என்று நான் கேட்டால், 'யாருக்கும் இல்லை' என்பார்கள். 'வெயிலில் போய் வந்தால் மண்டை இடிக்கிறது, வாந்தி எடுத்தால்தான் சரியாகும் என்று சொல்பவர்கள் வீட்டில் உண்டா?' என்று கேட்டால், உடனே அம்மாவோ அத்தையோ பாட்டியோ வந்துவிடுவார்கள். அதுவும் மைக்ரேன்தான். பெயர் தெரியாமலே வாழ்ந்திருக்கிறார்கள்.

5. அப்படியென்றால் மைக்ரேனையும் சாதாரணத் தலைவலியையும் நாங்கள் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

இறுக்கத் தலைவலி என்பது தலையைச் சுற்றித் துண்டைக் கட்டி இறுக்கியது போன்ற வலி. தெறிக்காது, வாந்தி வராது, மாலை நேரத்தில் கூடும். முனகிக்கொண்டே பிள்ளை விளையாடவும் செய்யும். ஒரே பிள்ளைக்கு இரண்டும் வரலாம் என்பதால் சில சமயம் மருத்துவருக்கே உடனே சொல்வது கடினம்.

இதற்கு நான் எல்லோரிடமும் கேட்பது ஒன்றுதான். சமையலறையில் பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டர் இருக்கும் அல்லவா? அதில் வலி வந்த நாளில் ஒரு வட்டம் போடுங்கள். பக்கத்தில் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணி நேரம் இருந்தது, வாந்தி உண்டா, மாத்திரை கொடுத்தீர்களா என்று சுருக்கமாக எழுதுங்கள். முந்தைய இரவு எப்போது தூங்கினாள், காலையில் என்ன சாப்பிட்டாள் என்பதும் இருந்தால் இன்னும் நல்லது. எட்டு வயதுக்கு மேல் என்றால் பிள்ளையையே எழுதச் சொல்லலாம். இரண்டு மாதத் தாளைக் கிழித்துக் கொண்டுவாருங்கள். தலைவலிக்கு ரத்தப் பரிசோதனை கிடையாது. அந்தத் தாள்தான் பரிசோதனை.

6. எந்த மாதிரித் தலைவலி என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

காய்ச்சலோடு தலைவலி வந்து, கூடவே கழுத்தை வளைக்க முடியாத விறைப்பு, மயக்கம் அல்லது உடலில் அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள் இருந்தால் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். அந்த நொடியே கிளம்புங்கள். இடி விழுந்தது போல் சில நொடிகளில் உச்சத்துக்குப் போகும் வலி, வலிப்பு, கை கால் ஒரு பக்கம் தளர்வது, பேச்சுக் குழறல், எழுப்பினாலும் விழிக்காத தூக்கம் ஆகியவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள்.

இன்னொரு வகை மெதுவாக வரும், அதனால் கவனம் தப்பிவிடும். அதிகாலையில் வலி பிள்ளையை எழுப்புகிறது, எழுந்தவுடன் வாந்தி, சில வாரங்களாகக் கூடிக்கொண்டே போகிறது என்றால் அன்றைக்கே காட்டுங்கள். இருமினாலும் குனிந்தாலும் கூடும் வலி, புதிதாக வந்த மாறுகண், இரட்டைப் பார்வை, நடையில் தள்ளாட்டம், கையெழுத்துச் சிதைவு, குணத்தில் மாற்றம் ஆகியவையும் அப்படியே. எடை குறைந்து, மாலைக் காய்ச்சலோடு இரண்டு வாரமாகத் தலை வலிக்கிறது என்றால் காசநோய் மூளை உறையைத் தொட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்திருந்தால் கேட்காமலே சொல்லிவிடுங்கள். உடல் பருமன் உள்ள வளரிளம் பெண், குனிந்து நிமிரும்போது கண் சில நொடி இருட்டிக்கொண்டு வருகிறது என்றால் தலைக்குள் நீரழுத்தம் கூடியிருக்கலாம். சில முகப்பரு மாத்திரைகளாலும் இது வரும். கவனிக்காமல் விட்டால் பார்வையே போகும்.

போவதா வேண்டாமா என்று நள்ளிரவில் தெரியாமல் தவித்தால், தமிழ்நாட்டில் 104-ஐ அழைத்துக் கேட்கலாம்.

7. மூளையில் கட்டி இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டால் நிம்மதியாக இருக்குமே?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்கும்போது அம்மாவின் குரல் நடுங்கும். தலைவலியோடு வரும் பிள்ளைகளில் கட்டி இருப்பது மிக மிக அபூர்வம். இருந்தாலும் வெறும் தலைவலியோடு அது நெடுநாள் நிற்பதில்லை. 6-ஆம் கேள்வியில் சொன்ன வாந்தி, தள்ளாட்டம், பார்வைக் கோளாறு போன்றவை கூடவே வந்துவிடும். அதனால்தான் மருத்துவர் பிள்ளையை ஒரே கோட்டில் நடக்கச் சொல்கிறார், சிறு விளக்குக் கருவியால் கண்ணின் பின்புறத்தைப் பார்க்கிறார், தலைச் சுற்றளவை அளக்கிறார், ரத்த அழுத்தம் பார்க்கிறார். குழந்தைக்கு எதற்கு பி.பி. என்று கேட்காதீர்கள். சிறுநீரகக் கோளாறால் அழுத்தம் கூடி, அது தலைவலியாகவே முதலில் தெரிந்த பிள்ளைகள் உண்டு.

இவை எல்லாம் சரியாக இருந்து, வலியின் கதையும் மைக்ரேனோடு பொருந்தினால் ஸ்கேன் புதிதாக எதையும் சொல்வது அரிது. சி.டி. ஸ்கேனில் கதிர்வீச்சு உண்டு. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சிறு பிள்ளைகளுக்கு மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும். தலைவலிக்குச் சம்பந்தமே இல்லாத சிறு நீர்க்கட்டி ஏதாவது படத்தில் தெரிந்து, அதற்காக ஆறு மாதம் தூக்கத்தைத் தொலைத்த குடும்பங்களும் உண்டு. மருத்துவர் 'தேவை' என்றால் அன்றே எடுங்கள். 'தேவையில்லை' என்றால் அவர் அலட்சியம் செய்கிறார் என்று பொருள் இல்லை.

8. கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்கிறார்களே?

கண்ணைப் பரிசோதிப்பது நல்லது, ஆண்டுக்கு ஒரு முறை எப்படியும் செய்ய வேண்டும். கண்ணைச் சுருக்கிப் படிப்பதால் மாலையில் புருவத்துக்கு மேல் வலி வருவது உண்டு. ஆனால் வாந்தியோடு தெறிக்கும் வலிக்குப் பார்வைக் குறைபாடு காரணமாக இருப்பது அரிது. கண்ணாடி போட்ட பின்னும் வலி தொடர்ந்தால், கண்ணாடியை மாற்றிக்கொண்டே இருக்காமல் குழந்தை மருத்துவரிடம் வாருங்கள்.

9. தலையில் நீர் கோத்துக்கொண்டது, சைனஸ் என்கிறார் என் மாமியார். ஆவி பிடிக்கலாமா?

நெற்றி எலும்புக்குள் இருக்கும் சைனஸ் அறை பிறக்கும்போது இருப்பதில்லை. ஏழெட்டு வயதில்தான் ஓரளவு உருவாகிறது. ஆகவே ஐந்து வயதுப் பிள்ளையின் நெற்றி வலிக்கு நெற்றிச் சைனஸ் காரணமாக முடியாது. பெரிய பிள்ளைகளுக்குச் சைனஸ் அழற்சி வரும். அப்போது பத்து நாளைத் தாண்டியும் தீராத கெட்டிச் சளி, காய்ச்சல், மூக்கடைப்பு இருக்கும். சளியே இல்லாமல் மாதம் நான்கு முறை வந்து போவது அநேகமாக மைக்ரேன். மைக்ரேன் வரும்போது கண்ணில் நீர் வடிவதும் மூக்கு அடைப்பதும் உண்டு என்பதால் பெரியவர்களே ஏமாந்துபோகிறார்கள்.

ஆவி பிடிப்பதைப் பற்றி எனக்குக் கண்டிப்பான கருத்து உண்டு. கொதிக்கும் பாத்திரத்தின் முன் போர்வைக்குள் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள். அது கவிழ்ந்து தொடை வெந்த பிள்ளைகளுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். அந்த அலறலைக் கேட்டவர்கள் யாரும் பிள்ளைக்கு ஆவி பிடிக்கச் சொல்ல மாட்டார்கள்.

10. தைலம், சுக்குப் பற்று, நீர்க்கோவை மாத்திரை இதெல்லாம் போடலாமா?

நெற்றியில் இதமாகத் தடவிக்கொடுப்பதால் பிள்ளைக்கு ஆறுதல் கிடைக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கற்பூரம் கலந்த தைலத்தை இரண்டு வயதுக்குக் கீழே பயன்படுத்தவே கூடாது. பெரிய பிள்ளைகளுக்கும் மூக்குக்குள்ளோ காயத்தின் மேலோ தடவக் கூடாது. தைலப் புட்டியும் பூஜைக் கற்பூரமும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். சிறிதளவு விழுங்கினாலும் சில நிமிடங்களில் வலிப்பு வரலாம். சுக்குப் பற்று மெல்லிய தோலைப் புண்ணாக்கும், கண்ணில் வழிந்தால் எரியும். நீர்க்கோவை மாத்திரையைச் சித்த மருத்துவரைக் கேட்டுப் பயன்படுத்துங்கள். சுற்றிப் போடுவதில் கெடுதல் இல்லை, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவது அதனால் தாமதமாகாமல் இருந்தால் சரி.

11. வலி வந்தவுடன் முதலில் என்ன செய்ய வேண்டும்?

இருட்டான, சத்தமில்லாத அறையில் படுக்க வையுங்கள். ஒரு தம்ளர் தண்ணீர் அல்லது உப்பிட்ட மோர் கொடுங்கள். சாப்பிட்டு நேரமாகியிருந்தால் இரண்டு இட்லியோ வாழைப்பழமோ கொடுங்கள். நனைத்த துணியை நெற்றியில் போடுங்கள். வலிமருந்து கொடுப்பதாக இருந்தால் ஆரம்பத்திலேயே கொடுத்துவிட வேண்டும். 'தாங்க முடியாதபோது கொடுக்கலாம்' என்று இரண்டு மணி நேரம் காத்திருந்தால், வாந்தி தொடங்கி மருந்து வயிற்றில் தங்காது. தூங்கினால் தூங்க விடுங்கள்.

12. பாரசிட்டமால் எவ்வளவு கொடுக்கலாம்? வயதை வைத்தா, எடையை வைத்தா?

எடையை வைத்து. ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை ஒரு வேளை அளவு. குறைந்தது நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளி வேண்டும். 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 200 முதல் 300 மில்லிகிராம்.

தவறு நடப்பது சிரப் புட்டியில்தான். 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் உள்ள சிரப்பும் கடையில் கிடைக்கிறது, 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ளதும் கிடைக்கிறது. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து இன்னும் செறிவானது. போன முறை 10 மில்லி கொடுத்தோம் என்று இந்த முறை வேறு புட்டியில் 10 மில்லி கொடுத்தால் அளவு இரட்டிப்பாகிவிடும். புட்டியின் எழுத்தைப் படித்துவிட்டு, அதோடு வரும் அளவு மூடியால் அளந்து கொடுங்கள். சளி மருந்துகள் பலவற்றிலும் பாரசிட்டமால் கலந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

இபுபுரூஃபென் என்ற வலிமருந்து மைக்ரேனுக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் சாப்பிட்ட பிறகுதான் கொடுக்க வேண்டும், காய்ச்சலோடு வந்த தலைவலிக்குக் கொடுக்கவே கூடாது. டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு கூடிவிடும். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு வேண்டாம். கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரேய் நோய்க்கு அது காரணமாகலாம். நிமசுலைடு என்ற வலிமருந்தை 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுப்பதை இந்திய அரசு 2011-லேயே தடை செய்துவிட்டது. பெரியவர்களுக்கு வாங்கிய மாத்திரையை உடைத்துப் பாதி கொடுப்பவர்கள் இதை மனதில் வையுங்கள்.

13. வாரத்தில் நான்கு நாள் மாத்திரை கொடுக்க வேண்டியிருக்கிறது. பழகிவிடுமோ?

போதைபோல் பழகாது. ஆனால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும் நிலை ஒன்று உண்டு. சாதாரண வலிமருந்தை மாதத்துக்கு 15 நாள் அல்லது அதற்கு மேல், மூன்று மாதங்களுக்கு மேலாக எடுத்தால் அப்படி ஆகலாம். மருந்தின் வேகம் குறையக் குறைய வலி எழும், மறுபடியும் மருந்து கேட்கும். வாரத்துக்கு இரண்டு மூன்று நாளுக்கு மேல் தேவைப்படுகிறது என்றால் காலண்டர் தாளோடு மருத்துவரிடம் வர வேண்டிய நேரம் அது.

14. காலையில் ஒன்றும் சாப்பிட மாட்டாள், தண்ணீர் பாட்டில் அப்படியே திரும்பி வருகிறது. அதனால் வலிக்குமா?

மைக்ரேன் உள்ள பிள்ளைக்கு மிகப் பெரிய தூண்டுதல்கள் இவை இரண்டும்தான். இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டவள் மறுநாள் மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டால் பதினேழு மணி நேரப் பட்டினி. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் அரசுப் பள்ளிகளில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்குக் காலை உணவு தருகிறது. உங்கள் பிள்ளை அந்தப் பள்ளியில் படித்தால் சீக்கிரம் அனுப்பிச் சாப்பிட வையுங்கள். மற்றவர்கள் ஒரு தம்ளர் பாலும் இரண்டு பேரீச்சம்பழமும் கொடுத்தாவது அனுப்புங்கள்.

தண்ணீரைப் பொறுத்தவரை பெண் பிள்ளைகளிடம் தனியாகக் கேளுங்கள். குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும், பள்ளிக் கழிப்பறை போகும்படி இல்லை. அதனால் குடிக்காமல் இருக்கிறார்கள். எத்தனையோ பிள்ளைகள் என்னிடம் இதைச் சொல்லியிருக்கிறார்கள், அம்மாவிடம் சொன்னதில்லை. கேரளத்தில் 2019-இல் தண்ணீர் குடிப்பதற்கென்றே பள்ளிகளில் மணி அடிக்கத் தொடங்கினார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் மணியோடு கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாளும் வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்.

15. எல்லாம் செல்போனால்தானே?

ஓரளவு. போன் பார்ப்பதைவிட, போனால் குறையும் தூக்கம்தான் அதிகம் கெடுக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், அதற்கு மேல் 8 முதல் 10 மணி நேரமும் தூங்க வேண்டும். விடுமுறை நாளில் பத்து மணி வரை தூங்குவதும் மைக்ரேனைக் கிளப்பும். ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழுவதுதான் மருந்து.

16. சடை பின்னிய நாளில்தான் வலிக்கிறது என்கிறாள், இது சாக்குத்தானே?

இல்லை. முடியை இறுக்கி இழுத்துக் கட்டுவதால் வரும் வலியை மருத்துவம் தனி வகைத் தலைவலியாகவே சேர்த்திருக்கிறது. இரட்டைச் சடையை மடித்து ரிப்பனால் கட்டும்போது சற்றுத் தளர்த்திக் கட்டுங்கள். அவிழ்த்தவுடன் வலி போய்விட்டால் விடை கிடைத்துவிட்டது.

17. இவனுக்கு வயிறுதான் வலிக்கிறது. டாக்டரோ இது மைக்ரேன் என்கிறார். குழப்பமாக இருக்கிறது.

வயிற்று மைக்ரேன் என்று ஒன்று உண்டு. தொப்புளைச் சுற்றி மணிக்கணக்கில் வலி, வெளுத்த முகம், குமட்டல், பிறகு முழு நலம். சில வாரம் கழித்து அச்சு அசலாக அதே போல் மறுபடியும். வேறு வயிற்றுக் கோளாறு இல்லை என்று பார்த்த பிறகுதான் அப்படிச் சொல்வார்கள். இந்தப் பிள்ளைகளில் பலருக்கு வளர்ந்த பின் வழக்கமான மைக்ரேன் வருகிறது. 4-ஆம் கேள்வியில் சொன்ன குடும்பக் கதை இங்கும் பொருந்தும்.

18. கீழே விழுந்து தலையில் அடி. இரண்டு நாளாகத் தலை வலிக்கிறது. தூங்கவிடக் கூடாது என்கிறார்களே?

பலமுறை வாந்தி, நினைவு தப்புதல், வலிப்பு, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் அல்லது ரத்தம், கூடிக்கொண்டே போகும் வலி, எழுப்ப முடியாத மயக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. இல்லையென்றால் தூங்கலாம், மருத்துவர் சொன்னால் இரவில் இடையிடையே எழுப்பிப் பாருங்கள். இரண்டு நாள் ஓய்வுக்குப் பின் படிப்பை மெதுவாகத் தொடங்கட்டும். வலி முழுவதும் தீரும் வரை கபடியும் கிரிக்கெட்டும் வேண்டாம். ஆறுவதற்குள் இன்னொரு அடி பட்டால் ஆபத்து அதிகம்.

19. தினமும் சாப்பிட மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். வலி இல்லாத நாளிலும் ஏன் சாப்பிட வேண்டும்?

அது வலியைத் தணிக்கும் மருந்து இல்லை, வராமல் தடுக்கும் மருந்து. மாதத்தில் பல நாள் வலி வந்து பள்ளி தடைப்படும்போது, சில மாதங்களுக்கு எழுதுவார்கள். ஃபுளுனரிசின் தூக்கத்தையும் எடையையும் கூட்டலாம். புரோப்ரனலால் ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு ஆகாது. வீசிங் இருந்திருந்தால் சொல்லிவிடுங்கள். டோப்பிரமேட் பசியைக் குறைக்கும். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம். நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2017-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 8 முதல் 17 வயது வரையுள்ள 361 பிள்ளைகளுக்கு அமிட்ரிப்டிலின், டோப்பிரமேட், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை ஆகியவற்றில் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று குழுவிலும் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு வலி நாட்கள் பாதியாகக் குறைந்தன. வெற்று மாத்திரையைவிட மருந்துகள் மேல் என்று காட்ட முடியவில்லை. மருந்து வீண் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். சில பிள்ளைகளுக்கு அது தேவைப்படுகிறது. ஆனால் தூக்கம், சாப்பாடு, தண்ணீர், யாரோ கவனித்துக் கேட்கிறார்கள் என்ற நம்பிக்கை ஆகியவற்றைச் சரிசெய்யாமல் மாத்திரையை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

20. ஸ்கேனில் மூளையில் புழு என்று வந்திருக்கிறது. நாங்கள் சுத்த சைவம், எப்படி வந்தது?

தலைவலியோடு வலிப்பும் வந்த பிள்ளைகளுக்கு நம் நாட்டில் இது அடிக்கடி தெரியவருகிறது. புழு உள்ள பன்றி இறைச்சியைச் சரியாக வேகாமல் தின்றால் குடலில்தான் நாடாப்புழு வளரும். மூளைக்குப் போவது அந்தப் புழுவின் முட்டையிலிருந்து வரும் இளம்புழு. குடலில் புழு உள்ள ஒருவரின் மலத்திலிருந்து கை, தண்ணீர், கழுவாத காய்கறி வழியாக முட்டை யார் வயிற்றுக்கும் வரலாம். சைவம் அசைவம் பார்ப்பதில்லை.

பல பிள்ளைகளுக்கு ஒரே ஒரு சிறு புழுக்கட்டிதான் இருக்கும், சில மாதங்களில் அதுவே சுருங்கிவிடுவதும் உண்டு. வலிப்பு மருந்தைத் தவறாமல் கொடுங்கள். குடற்புழு மாத்திரையை நீங்களாகக் கொடுத்து இதற்கு வைத்தியம் செய்யாதீர்கள். புழு சாகும்போது மூளையில் வீக்கம் வரும் என்பதால் அதற்கு மருத்துவர் மேற்பார்வை வேண்டும்.

21. பள்ளியில் டீச்சரிடம் என்ன சொல்லி வைப்பது?

ஒரு கடிதமாகவே எழுதிக் கொடுங்கள்: மைக்ரேன் உள்ள பிள்ளை, வலி தொடங்கியதாகச் சொன்னால் தண்ணீர் கொடுத்து அரை மணி நேரம் அமைதியான இடத்தில் படுக்க விட வேண்டும், வெயிலில் நிறுத்த வேண்டாம், தண்ணீர் பாட்டிலை மேசையில் வைத்துக்கொள்ள அனுமதிக்க வேண்டும். மருத்துவரின் சீட்டு நகலையும் இணையுங்கள். அதே சமயம், லேசான வலிக்கெல்லாம் வீட்டுக்கு அனுப்பச் சொல்லாதீர்கள். படுத்து எழுந்து வகுப்புக்குத் திரும்பும் பிள்ளைக்குத் தைரியம் வளர்கிறது. வாரக்கணக்கில் பள்ளியை விட்டவர்களுக்குத் திரும்பிப் போவதே இன்னொரு தலைவலியாகிவிடுகிறது.

22. 'நான் பெரியவளானால் இது போய்விடுமா சிஸ்டர்?'

இதைக் கேட்டது பன்னிரண்டு வயதுப் பெண். அம்மா மருந்து வாங்கப் போயிருந்தபோது கேட்டாள். அவளிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஸ்வீடனில் போ பில்லே என்ற குழந்தை மருத்துவர் ஏறக்குறைய 9,000 பள்ளிப் பிள்ளைகளிடம் தலைவலியைப் பற்றி விசாரித்து, 1962-இல் அதை வெளியிட்டார். கடுமையான மைக்ரேன் இருந்த 73 பிள்ளைகளை நாற்பது ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார். நான்கில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு 25 வயதுக்கு முன்பே வலி நின்றுவிட்டது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஐம்பது வயதிலும் இருந்தது. ஆனால் இடையில் பல ஆண்டுகள் வலியே இல்லாமல் இருந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

'போகலாம், போகாமலும் இருக்கலாம், இடையில் நிறைய நாள் விட்டுவைக்கும்' என்று அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'அப்படியென்றால் காலண்டரில் நானே வட்டம் போடுகிறேன்' என்றாள். அடுத்த மாதம் வந்தபோது தாளில் ஆறு வட்டங்கள் இருந்தன. ஆறில் ஐந்து வட்டங்களுக்குப் பக்கத்தில் 'காலையில் சாப்பிடவில்லை' என்று அவள் கையெழுத்தில் இருந்தது.